அடைமழை தாண்டிய எட்டு வாளிகள்

மார்கழி பிறப்பதற்கு முன் கடைசி வாளியையும் திறந்துவிட்டேன். ஐந்து வாளிகளில் புழுங்கல் அரிசி, இரண்டில் உளுந்து, ஒன்றில் பச்சைப்பயறு. ஏழு வாளிகளில் பெயருக்குக்கூட ஒரு வண்டு இல்லை. எட்டாவதை எலி கெடுத்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது. முந்தைய ஆண்டு இதே வாளிகளில் வைத்த உளுந்து சல்லடைக் கண்ணாகத் துளைபட்டு, அள்ளினால் மாவாகக் கொட்டியது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் வாளிகளை மாற்றவில்லை. தானியம் வாளிக்குள் போவதற்கு முந்தைய வேலைகளை மாற்றினேன். இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த வேலைகளைப் பற்றியதுதான்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம். சம்பாவில் வெள்ளைப் பொன்னி போடுகிறோம். அறுப்புக்குச் சில நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது டெல்டாவின் வழக்கம். நெல் தை, மாசியில் வீட்டுக்கு வரும்; பயறு வகைகள் பங்குனி, சித்திரையில் வரும். பழைய வீட்டில் இதற்கெல்லாம் பத்தாயம் இருந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது அதன் பலகைகள் கதவாகவும் அலமாரியாகவும் மாறிவிட்டன. புது வீட்டில் அரிசியைச் சாக்கிலும் உளுந்தைத் தகரத்திலும் வைத்துப் பார்த்தோம். ஐப்பசி மழை தொடங்கினால் சாக்கு நசநசத்துவிடும், வண்டு கட்டிவிடும். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு கடையும் மின்சாரமும் இல்லாமல் கிடந்த அனுபவமும் உண்டு. வீட்டில் ஓர் ஆண்டுக்கான அரிசியும் பருப்பும் இருக்க வேண்டும் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதில் வைப்பது என்பதில்தான் தகராறு.

முதலில் நெல்லாகவே வைக்கலாம் என்று நினைத்தேன். உமி இருக்கும்வரை வண்டு எளிதில் உள்ளே போகாது. பெரியவர்கள் நெல்லாக வைத்து வேண்டும்போது அரைத்துக்கொண்டது காரணமில்லாமல் இல்லை. ஆனால் 20 லிட்டர் வாளியில் நெல் நிரப்பி நிறுத்துப் பார்த்தேன்: பன்னிரண்டு கிலோவைத் தொடவில்லை. அதை அரைத்தால் ஏழு, ஏழரைக் கிலோ அரிசி தேறும். அதே வாளியில் அரிசி பதினாறு கிலோ பிடிக்கிறது. ஒரு பங்கு இடத்துக்கு இரண்டு பங்கு இடம் என்றால் என் அறையில் நடக்காது. தவிர, எங்கள் ஊர் ஆலையில் இப்போதெல்லாம் ஒரு மூட்டையைக் கொண்டுபோனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மொத்தமாக அவித்து அரைத்து அரிசியாக வைப்பது என்று முடிவாயிற்று.

வாளி வேட்டையில் நிறைய அலைந்தேன். எல்லார் வீட்டிலும் கிடப்பது பெயிண்ட் வாளி. கனமானது, மூடி இறுக்கமானது, சும்மா கிடைக்கும். ஆனாலும் தானியத்துக்கு அதைத் தொடக்கூடாது. தண்ணீரில் கரையும் பெயிண்ட் டப்பாவிலேயே கெட்டுப்போகாமல் இருக்கப் பூசணக்கொல்லிகளைச் சேர்த்திருப்பார்கள். பிளாஸ்டிக் அவற்றைக் குடித்து வைத்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அது பெயிண்ட் வாளிதான். என்னிடம் இருந்த இரண்டும் தோட்டத்துக்குப் போயின.

வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றிருந்தால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். இரண்டுமே உணவுக்கு ஏற்றவைதான். ஆனால் அந்த எண் பிளாஸ்டிக்கின் குலத்தை மட்டும் சொல்கிறது, குணத்தைச் சொல்வதில்லை. குளியலறை வாளியிலும் 5 இருக்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, எந்தச் சாயத்தையோ கலந்து வார்த்ததாக அது இருக்கலாம். நான் தேடியது உணவுக்கு உகந்தது என்று காட்டும் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி. புதிதாக வாங்குபவர்கள் பாலிஎத்திலீன் என்றால் ஐ.எஸ். 10146, பாலிபுரொப்பிலீன் என்றால் ஐ.எஸ். 10910 என்ற இந்தியத் தர எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் விழிப்பார்கள். விழிக்காத ஒருவரிடம் நான்கு வாளிகள் வாங்கினேன். வெள்ளை நிறம், மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம், ஒன்று 380 ரூபாய்.

மற்ற நான்கும் பேக்கரியில் கிடைத்தவை. கேக் ஜெல்லும் பழக்கூழும் வந்த வாளிகள். ஏற்கெனவே உணவு இருந்த வாளி என்பதால் தரத்தைப் பற்றிய கவலை பாதி தீர்ந்தது. "மூடியோடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள் சார், பையன்கள் கத்தியால் அறுத்துத்தான் திறப்பார்கள்" என்றார் கடைக்காரர். சொல்லி வைத்தேன். நூறு நூறு ரூபாய்க்கு மூடி முழுதாகக் கிடைத்தன. ஊறுகாய் வந்த வாளி ஒன்றையும் வாங்கியிருந்தேன். சோடா உப்புக் கரைசலை ஊற்றி ஊற வைத்தேன், செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வைத்தேன், நிழலில் திறந்து போட்டேன். பெருங்காயமும் கடுகெண்ணெயும் போக மறுத்தன. எண்ணெய் வாடையை இந்தப் பிளாஸ்டிக் எளிதில் விடாது. இப்போது அதில் துணி சோப்பு இருக்கிறது. ஜெல் வாளியில் வெனிலா வாடை இருந்தது. அது வெந்நீருக்கும் சோப்புக்கும் போய்விட்டது. கழுவும்போது இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அழுக்கும் எண்ணெயும் அதில் தங்கிவிடும்.

அடுத்தது மூடிச் சோதனை. வாளியில் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி, மூடியை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி அடைத்தேன். உள்ளே காற்று சூடாகி மூடி லேசாக உப்பியது. விளிம்பு முழுக்கச் சோப்பு நுரை தடவினால், கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும். பேக்கரி வாளிகளில் இரண்டு கசிந்தன. ஒன்றில் ரப்பர் வளையத்தில் காய்ந்த ஜெல் ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தவுடன் சரியாயிற்று. மற்றொன்றில் வளையமே நைந்திருந்தது. அதை மாற்ற வளையம் கிடைக்கவில்லை. அந்த வாளியை அன்றாடப் புழக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கினேன். சுத்தியல் 180 ரூபாய். மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தும் அடைக்கலாம், ஆனால் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் எழும்பும்.

இவ்வளவும் முதல் ஆண்டே செய்து முடித்ததுதான். அப்புறம் களத்திலிருந்து வந்த உளுந்தைப் புடைத்து, கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, சூட்டோடு வாளியில் கொட்டி மூடினேன். வேப்பிலை ஒரு கொத்து மேலே. ஆடி மாதம் திறந்தபோது மூடியின் அடியில் நீர்த்துளிகள் காய்ந்த தடம். வேப்பிலையைச் சுற்றிக் கைப்பிடி அளவு உளுந்தில் பச்சைப் பூசணம். மற்ற இடமெல்லாம் வண்டு.

வெளியிலிருந்து ஒரு வண்டும் நுழைந்திருக்க முடியாது. மூடி நன்றாகத்தான் இருந்தது. பயறு வண்டு வயலிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. முற்றிய நெற்றின் மேல் முட்டை வைக்கும். வீட்டுக்கு வந்த பிறகு மணியின் மேலேயே வைக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் உளுந்தின் கறுப்புத் தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருப்பது தெரியும். அதிலிருந்து வரும் புழு நேரே உள்ளே குடைந்துபோய், வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். நம் ஊர் வெக்கையில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரிசியில் வரும் கூன்வண்டு இன்னும் கள்ளத்தனமானது. மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். கண்ணில் படவே படாது. இறுக்கமான வாளி என்பது இவற்றுக்கு எலியும் பல்லியும் வராத, மழை நனைக்காத நல்ல வீடு. 20 லிட்டர் வாளியில் மணிகளுக்கு நடுவே இருக்கும் காற்றே நெடுநாளுக்குக் காணும். போதாததற்கு இந்தப் பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் மெல்ல மெல்ல உள்ளே ஊறிக்கொண்டும் இருக்கும்.

உரக்கடையில் கேட்டபோது ஒருவர் மாத்திரை வாங்கி வாளிக்கு ஒன்று போடச் சொன்னார். அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவைக் கக்கும் சரக்கு. கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் போடுவது. ஆட்கள் படுத்துறங்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவருவது தற்கொலைக்குச் சமம். பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வசம்பு போடலாம் என்றார் அம்மா. போட்ட வாளி அரிசி பொங்கும்போதெல்லாம் வீடு நாட்டு மருந்துக் கடையாக மணந்தது. பருப்பில் விளக்கெண்ணெய் பிசறுவது நன்றாகவே வேலை செய்கிறது. கிலோவுக்கு ஐந்து மில்லி போதும். துவரம்பருப்பில் இன்றும் அதைத்தான் செய்கிறோம். இட்லிக்கு ஊறவைக்கும் உளுந்தில் மட்டும் அந்தப் பிசுபிசுப்பு வேண்டாம் என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இரண்டாம் ஆண்டு வேலையை ஈரத்திலிருந்து தொடங்கினேன். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை நெல்லை எடுத்துக்கொள்வது வழக்கம். வீட்டில் அடைத்து வைக்க அது மிக அதிகம். அரிசி 13 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பயறு வகை 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஆலையில் ஈரமானி இருந்தது. அரிசியை அரைத்த அன்றே வைத்துப் பார்த்ததில் 13.4 காட்டியது. மின்விசிறிக்கு அடியில் பாய் விரித்து, அவ்வப்போது கிளறிவிட்டு உலர்த்தினேன். அரிசியை வெயிலில் போடாதீர்கள். சுள்ளென்ற வெயிலில் தோலில்லாத மணி சட்டென்று காய்ந்து விரிசல் விடும். சமைக்கும்போது பாதி நொய்யாகிவிடும். ஒரு முறம் அரிசியை வெயிலில் வைத்துப் பார்த்ததில் கண்ணெதிரே வெள்ளைக் கீற்றுகள் ஓடின.

ஈரமானி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை இருக்கிறது. தூள் உப்பை வாணலியில் வறட்டி ஆறவிடுங்கள். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு கை தானியமும் இரண்டு கரண்டி உப்பும் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் அப்பிக்கொண்டால் தானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே என்பது மட்டுமே தெரியும். 14ஆ 10ஆ என்று உப்பு சொல்லாது. அதனால் உப்பு ஒட்டாமல் போன பிறகும் உளுந்தை இன்னும் ஒரு நல்ல வெயில் காயவைத்தேன். பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் இரண்டாகத் தெறிக்க வேண்டும்.

உளுந்துக்கும் பயறுக்கும் வெயில் தாங்கும். அதையே வண்டைக் கொல்லவும் பயன்படுத்தினேன். மொட்டைமாடியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, இரண்டு விரல் உயரத்துக்கு உளுந்தைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரம் முழுக்கச் செங்கல் வைத்தேன். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் தானியத்துக்குள் செருகிய வெப்பமானி 58 டிகிரி காட்டியது. இந்தச் சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் முட்டையும் புழுவும் தப்பாது. தாளின் அடியில் நீர் கோத்தால் தாளை எடுத்து உதறிவிட்டு மீண்டும் போர்த்த வேண்டும். அந்த நீர் தானியத்திலிருந்து வருவதுதான். ஓரங்களில் சூடு ஏறுவதில்லை. நடுவில் 58 இருக்கும்போது ஓரத்தில் 46 தான். ஓரத்து உளுந்தை நடுவுக்குத் தள்ளி மறுநாளும் அதே வேலை. விதைக்கு வைக்கும் உளுந்தை இப்படிச் சுட வைக்க எனக்குத் துணிவில்லை, அதைத் தனியாக எடுத்துவிட்டேன்.

அரிசிக்கு வெயில் ஆகாது என்பதால் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையை நம்பினேன். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் கிடந்தால் முட்டை சாகும். எங்கள் பெட்டியில் ஒரு தடவைக்கு நான்கு கிலோ போகும். 75 கிலோ அரிசிக்கு எத்தனை தடவை! ஒரு வாளி அளவுக்கு மேல் பொறுமை இல்லை. அந்த நேரம் ஐஸ்கிரீமுக்கு இடமில்லை என்று பிள்ளைகள் வேறு கொடி பிடித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை கட்டியபடியே இருக்கட்டும். குளிர்ந்த அரிசியில் காற்றுப் பட்டால் ஈரம் பூத்துவிடும்.

மீதி அரிசிக்குத்தான் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம். மற்ற வாளிகளிலும் கூடுதல் காவலாக அதையே போட்டேன். உள்ளே இரும்புத் தூளும் உப்பும் இருக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். எத்தனை போடுவது என்பதற்கு இணையத்தில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. நானே அளந்து பார்த்தேன். ஒரு லிட்டர் குவளையில் தலைதட்டி அரிசி நிரப்பி, அளந்து தண்ணீர் ஊற்றினால், விளிம்புக்கு வரும்வரை ஏறக்குறைய 450 மில்லி உள்ளே போனது. அவ்வளவும் மணிகளுக்கு இடையில் இருந்த காற்று. 20 லிட்டருக்கு 9 லிட்டர் காற்று. அதில் 21 சதவீதம் ஆக்சிஜன் என்றால் 1.9 லிட்டர், அதாவது 1,900 மில்லி. 500 மில்லி உறிஞ்சும் பொட்டலம் நான்கு போட்டால் சரிக்குச் சரி. பையின் கழுத்தில் மிஞ்சும் காற்றுக்காக ஐந்தாகப் போட்டேன்.

இந்தப் பொட்டலத்தை வெறும் வாளியில் போட்டுப் பயனில்லை. பிளாஸ்டிக் சுவர் வழியாகக் காற்று ஊறும் என்று சொன்னேன் அல்லவா, அது பொட்டலத்தைத் தோற்கடித்துவிடும். அலுமினியப் படலம் சேர்த்த தடிமனான பை வேண்டும். வாளிக்குள் நிற்கும்படி 50 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் உயரம். ஒன்று 65 ரூபாய். பை காற்றைத் தடுக்கிறது, வாளி பையைக் குத்துப்படாமல் காக்கிறது. பை போட்ட பிறகு வாளிக்குப் பதினைந்து கிலோதான் வசதியாகக் கொள்கிறது.

அடைக்கும் நாளில் வரிசை முக்கியம். எல்லாப் பைகளிலும் தானியத்தை நிரப்பி, வாளியைத் தரையில் தட்டி அமர்த்தி, பையின் வாயைப் பெரும்பாலும் ஒட்டி, ஓரத்தில் ஒரு கை நுழையும் இடம் மட்டும் விட்டுவைத்தேன். அதன் பிறகுதான் பொட்டலங்கள் இருந்த உறையைப் பிரித்தேன். பிரித்த நொடியிலிருந்து அவை அறைக் காற்றைத் தின்னத் தொடங்குகின்றன. கையில் வைத்திருந்தால் கதகதப்பாவது தெரியும். கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட வேண்டும். மிஞ்சியவற்றைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக்கி வைத்தால் சில நாள் தாங்கும். உறைக்குள் இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று இருக்கும். அது நீலமாகியிருந்தால் பொட்டலங்கள் ஏற்கெனவே செத்தவை. வாங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

பையின் வாயை ஒட்ட முதலில் இஸ்திரிப் பெட்டியைத்தான் எடுத்தேன். வாளி விளிம்பில் மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, அதன் மேல் பையின் வாயைப் படுக்கப்போட்டு, துணிவைத்துத் தேய்த்தால் ஒட்டும். ஆனால் ஒரு சுருக்கம் விழுந்தால் அந்த இடம் வாய்பிளந்து நிற்கும். பிறகு 12 அங்குலக் கைச் சீலர் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். பையின் அகலம் 20 அங்குலம் என்பதால் இரண்டு முறை நகர்த்தி அழுத்த வேண்டும்; நடுவில் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடப் பெரிய எதிரி தவிடு. அரிசி கொட்டும்போது பையின் உள்வாயில் மெல்லிய தூசு படியும். அது இருந்தால் எந்தச் சூட்டிலும் ஒட்டாது. உலர்ந்த துணியால் உள்பக்கம் துடைத்துவிட்டு ஒட்டினேன், ஒட்டிய கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடும் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது ஆறு பைகள் தானியத்தோடு இறுகி, மணிகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. இரண்டு தளர்வாகவே இருந்தன. ஒன்றில் மடிப்பில் கசிவு. வாயை வெட்டிப் புதுப் பொட்டலம் போட்டு மறுபடி ஒட்டினேன். மற்றொன்றில் எங்கு தேடியும் கசிவில்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் மீதி நைட்ரஜன் இருக்கத்தானே செய்யும். கழுத்தில் அதிகக் காற்றோடு மூடியிருந்ததால் அது இறுகவில்லை. அதைச் சும்மா விட்டேன். பின்னால் திறந்தபோது அந்த அரிசியும் நன்றாகவே இருந்தது. பயத்தில் பிரித்திருந்தால் பொட்டலம்தான் வீண்.

எதை வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்குத்தல் அரிசி இல்லை. தவிட்டு எண்ணெய் சில மாதங்களில் காறல் அடிக்கும். வேர்க்கடலையும் அப்படியே. சர்க்கரைக்கும் உப்புக்கும் பொட்டலம் தேவையே இல்லை, சர்க்கரை பாறையாகிவிடும். வெல்லம், புளி, சரியாகக் காயாத வற்றல் போன்ற ஈரமுள்ளவற்றை ஆக்சிஜன் இல்லாமல் அடைக்கவே கூடாது. காற்றில்லாத ஈரத்தில் வளரும் பாட்டுலிசக் கிருமியின் நஞ்சு வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காமல் ஆளைக் கொல்லும்.

இனி எலி. வாளிகளை மாடிப்படிக்கு அடியில், பலகைமேல், மூன்று உயரத்துக்கு அடுக்கியிருந்தேன். பச்சைப்பயறு வாளிக்கு அங்கே இடமில்லாமல் சமையலறைப் பின்சுவரை ஒட்டித் தரையில் வைத்தோம். புரட்டாசியில் அதன் மூடி விளிம்பை எலி கடித்து, இரண்டு விரல் நுழையும் ஓட்டை போட்டு, படலப் பையையும் கிழித்திருந்தது. வாளியின் வழவழப்பான சுவரில் அதற்குப் பல் பதியாது. மூடியின் மடிப்பும் கைப்பிடியின் அடியும்தான் பிடி கிடைக்கும் இடங்கள். சுவரை ஒட்டி வைத்தது அது முதுகு சாய்த்து உட்கார வசதியாகப் போயிற்று. மேல்பாதிப் பயற்றை மாட்டுக்குக்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதைத்தோம். எலி நீர் பட்டதை யாருக்கும் கொடுக்க முடியாது. கீழ்ப்பாதி சுத்தமாகத் தெரிந்தாலும் அம்மா ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பதினைந்து கிலோவும் போயிற்று.

திறந்த வாளிகளின் கதைக்கு வருகிறேன். அரிசி வடித்துப் பார்த்ததில் சோறு பொலபொலவென்று விழுந்தது. புது அரிசியின் குழைவு போய்ப் பழைய அரிசியின் குணம் வந்திருந்தது. இது வாளியின் புண்ணியம் இல்லை, மாதங்களின் புண்ணியம். உளுந்து ஐப்பசியில் திறந்தது. புது உளுந்து அளவுக்கு மாவு காணவில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. கிரைண்டர் குழவிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் தெளித்து ஆட்டியதும் ஒப்புக்கொண்டார். இட்லியில் நான் வித்தியாசம் காணவில்லை.

பையைப் பிரித்த பிறகு அந்த வாளிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதனால் பதினைந்து கிலோவில் ஐந்தை அன்றாட டப்பாவுக்கு எடுத்துக்கொண்டு, மீதிப் பையை வாயை வெட்டிச் சமப்படுத்தி உடனே மறுபடி ஒட்டிவிடுவோம். அன்றாட வாளியில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த குழாய்ப் பொறியைச் செருகியிருக்கிறேன். உடம்பெல்லாம் சின்னத் துளைகள் உள்ள குழாய். தானியத்துக்குள் காற்றோட்டம் தேடி அலையும் வண்டு துளை வழியே நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடும், ஏறி வர முடியாது. வாரம் ஒருமுறை கழற்றிப் பார்த்தால் போதும். அது வண்டுகளை ஒழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வந்துவிட்டதா என்று முதலில் சொல்வது அதுதான்.

கடைசியில் பயன்பாட்டுக்கு வந்த எட்டு வாளிகளின் கணக்கு: வாளிகள் 1,920 ரூபாய், பைகள் 520, ஐம்பது பொட்டலம் 600, சீலர் 1,400, சுத்தியல் 180. ஆக 4,620. சோதனைக்கும் சோப்புக்கும் போன வாளிகள் இதில் சேரவில்லை. 120 கிலோ தானியத்துக்கு முதல் ஆண்டுச் செலவு கிலோவுக்கு 38 ரூபாய் 50 காசு. அரிசி விலையில் பாதியைத் தாண்டும். அடுத்த ஆண்டு பொட்டலம் மட்டும் புதிதாக வேண்டும், கிலோவுக்கு நான்கு ரூபாய். பைகள் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் நான்கு விரல் குட்டையாகின்றன. இன்னும் இரண்டு ஆண்டு ஓடும். கடையில் மாதாமாதம் அரிசி வாங்குகிறவர்களுக்கு இந்தச் செலவில் ஒரு லாபமும் இல்லை. சொந்த நெல்லோ அறுவடை விலையில் வாங்கிய உளுந்தோ இருந்தால்தான் கட்டும்.

வருகிற சித்திரைக்குச் செய்ய வேண்டிய மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். உளுந்தையும் பயறையும் 10 லிட்டர் வாளிகளில் வைக்க வேண்டும். பாதியில் பிரித்து ஒட்டும் வேலை குறையும், ஒன்று கெட்டாலும் ஏழெட்டுக் கிலோவோடு போகும். உளுந்தில் பாதியை உடைத்துப் பருப்பாக வைத்துப் பார்க்கப்போகிறேன். உடைத்த பருப்பில் பயறு வண்டுக்குச் சரியாக வளர வராது. மூடியைத் திறக்கத் திருப்புளியால் நெம்பியதில் இரண்டு மூடிகளின் காது உடைந்தது, அதற்கென்று விற்கும் நெம்பி ஒன்று வாங்க வேண்டும். ஒவ்வொரு வாளியிலும் தானியத்தின் பெயர், எடை, அடைத்த மாதம் மூன்றையும் மூடியில் எழுதாமல் வாளியின் உடம்பில் எழுத வேண்டும். கழுவும்போது மூடிகள் இடம் மாறி, உளுந்து என்று நினைத்து அரிசியைப் பிரித்த நாளும் உண்டு. எல்லா வாளிகளும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்த இரும்புத் தாங்கியில் ஏறும். தாங்கிக்கு வெல்டிங் பட்டறையில் 2,200 ரூபாய் கேட்கிறார்கள். 1,800க்கு முடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.